கடைசிப் பத்து நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால். ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் ஒரே ஒரு அறையில்தான் விளக்கு எரிந்தது. உள்ளே அக்கா, ஒரு கம்ப்யூட்டர், இருபத்தாறு ஃபைல்.

இருபத்தாறில் ஒன்று அவள் அப்பாவுடையது.

அப்பாவின் பெருங்குடலில் கட்டி இருக்கிறது என்று தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. அது புற்றுநோய் என்பது அக்காவுக்குத் தெரியும், அவள் தம்பிக்குத் தெரியும். அப்பாவிடம் மட்டும், "குடல்ல புண்ணுப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தம்பிதான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனான். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அவனிடம் சொன்னதை வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தான்.

"எழுபத்தெட்டு வயசுல எதுக்குங்க கத்தி, கீமோ எல்லாம்? அடைப்பு வராம ஒரு குழாய் வெச்சு விட்டுடலாம். இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்."

அந்த டாக்டர் அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேப்பரில் ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பழைய கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் இன்றைக்கும் அவருக்குத்தான் போன். கெட்டுப்போன லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவர் லிஃப்டில் ஏறிப் போக முடியாது. ஏழு மாடியோ ஒன்பது மாடியோ, படிதான். தோளில் கருவிப் பை வேறு.

ஆனால் அந்த டாக்டர் சொன்னது கடைசி வார்த்தை இல்லை. கடைசி வார்த்தை இன்றைக்குத்தான். எட்டு மணிக்கு, பக்கத்து அறையில், போர்டு கூடும்போது.

போர்டு என்றால் டாக்டர்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு செவ்வாயும் உட்கார்ந்து, எந்தப் புற்றுநோயாளிக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். வரிசைப் பட்டியல் போடுவது, ஒவ்வொரு ஃபைலையும் ஒரு பக்கமாகச் சுருக்கித் திரையில் காட்டுவது, முடிவை அடித்துக்கொள்வது எல்லாம் அக்காவின் வேலை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே 'லிஸ்ட் அக்கா'. பதினோரு வருஷமாக.

அந்தப் பட்டியலில் ஒரு பழக்கம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்ஜன் ஒரு நாள், "பெரியவங்க கேஸையெல்லாம் கடைசியில போடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். அன்றிலிருந்து எழுபத்தைந்தைத் தாண்டிய ஆட்கள் எல்லாரும் கடைசி.

கடைசி என்றால் எட்டு ஐம்பதிலிருந்து ஒன்பது வரை. ஒன்பதுக்கு ஆபரேஷன் தியேட்டர் தொடங்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நாற்காலிகள் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். எட்டு ஒன்பது கேஸ் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு: 'ஆறுதல் சிகிச்சை மட்டும்.' அதாவது, நோயை விட்டுவிட்டு வேதனையை மட்டும் குறைப்பது. திரும்பத் திரும்ப அடித்து அலுத்துப்போன அக்கா, ஒரே விசையை அழுத்தினால் அந்த மூன்று வார்த்தையும் வரும்படி வைத்திருந்தாள். வேலை சுலபமாயிற்று என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

இன்றைக்கு அப்பா இருபத்தி மூன்றாவது.

ஃபைலைத் திறந்தாள். ஸ்கேன் அறிக்கை இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது. அதற்கும் கீழே, அவள் இதுவரை பார்த்திராத ஒரு தாள்.

'எங்கள் தந்தைக்கு அறுவை சிகிச்சையோ கீமோவோ வேண்டாம் என்று குடும்பத்தார் முடிவு செய்துள்ளோம்.' கீழே மகன் என்று கையெழுத்து.

அக்கா போனை எடுத்தாள்.

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். இந்த நேரத்தில் யாரையாவது ரோட்டில் ஓட்டவைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் இருப்பான்.

"அக்கா, கிளாஸ்ல இருக்கேன்."

"ஓரமா நிறுத்து."

"ஓட்டுறது நான் இல்லக்கா. சார், லெஃப்ட்ல ஒதுங்குங்க. இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர் சார். மழை பெய்யல. சரி, நிறுத்துங்க. சொல்லுக்கா."

"ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்கு."

எதிர்ப்பக்கம் எஞ்சின் அணைந்தது.

"எந்த லெட்டர்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. கோழி கிண்டின மாதிரி கையெழுத்து உன்னைத் தவிர இந்த உலகத்துல எவனுக்கு வரும்?"

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தம்பி இறங்கிவிட்டான்.

"ஆமா, நான்தான் குடுத்தேன். அம்மாவோட கடைசி ரெண்டு மாசம் கூட இருந்தது யாரு? நீ வேலைக்கு ஓடிடுவே. பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். ஒரு வாய் தண்ணி இறங்காது அவங்களுக்கு. மறுபடியும் அதை என்னால பார்க்க முடியாது."

"அம்மாவுக்குக் கண்டுபிடிக்கும்போதே ஈரல் வரைக்கும் போயிருந்தது. அப்பாவுக்கு எங்கயும் பரவல. எடுத்துட்டா எடுத்ததுதான்."

"அதை டாக்டர் சொல்லட்டும். நீ லிஸ்ட் அடிக்கிறவதானே?"

சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். "அக்கா," என்றான்.

"ஆமாடா, லிஸ்ட் அடிக்கிறவதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

திரையில் அப்பாவின் பக்கம் திறந்திருந்தது. போர்டு பக்கங்களில் பெயர் இருக்காது, ஃபைல் எண்தான். முதல் கட்டத்தில் வயது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவளும் அவள்தான். வயதை முதலில் வைத்ததற்கு ஒரு காரணமும் கிடையாது. எங்கேயாவது வைக்க வேண்டும், அங்கே வைத்தாள்.

ஏழு, எட்டு. இரண்டு எண்ணையும் அழித்தாள். கட்டம் வெறுமையாக நின்றது. இருபத்தி மூன்றைப் பிடித்து இழுத்து நான்காவது இடத்தில் விட்டாள்.

சேமித்துவிட்டுப் பக்கத்தை மூடினாள்.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மேஜைத் தலைமாட்டில் சர்ஜன். எந்தக் கேஸையும் இரண்டு நிமிஷத்தில் முடிப்பார் என்பதால் நர்ஸுகள் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆபரேஷனில் கை அத்தனை சுத்தம் என்று ஊரே சொல்லும். மேஜையின் மறுகோடியில், கதவுக்குப் பக்கத்தில், வயதானவர்களைப் பார்க்கும் முதியோர் டாக்டர். இந்த வருஷம்தான் வந்து சேர்ந்த பெண்மணி. அவர் வாயைத் திறக்கும் கேஸ்கள் எல்லாம் கடைசியில் வரும். அவர் வாயைத் திறக்கும்போது மற்றவர்கள் எழுந்துகொண்டிருப்பார்கள்.

மூன்று கேஸ் முடிந்தது. நான்காவது திரையில் விழுந்தது.

"பெருங்குடல், வலது பக்கம்," என்று சர்ஜன் ஸ்கேனைப் பார்த்தபடி ஆரம்பித்தார். "ஈரல் சுத்தமா இருக்கு. நுரையீரல் சுத்தம். நல்ல இடத்துல உட்கார்ந்திருக்கு கட்டி. சின்னத் துளை போட்டே எடுத்திடலாம். அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு மாத்திரை வடிவத்துல கீமோ. யாருக்காவது வேற அபிப்பிராயம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. ஒன்றரை நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அக்கா அடிக்க ஆரம்பித்தாள். 'அறுவை சி' வரை வந்துவிட்டாள்.

"இருங்க," என்றார் சர்ஜன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்கேன் படத்தின் மூலையைப் பார்த்தார். அங்கே பொடி எழுத்தில் பிறந்த தேதி. ஸ்கேன் மெஷின் அதைத் தானாகவே போட்டுவிடும். அக்காவுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"எழுபத்தெட்டா? வயசு ஏன் காலியா இருக்கு? அப்ப இது வேற கதை. ஆறுதல் சிகிச்சை மட்டும்னு போடுங்க. அடுத்தது."

அக்காவின் சுண்டுவிரல் பழக்கத்தில் அந்த விசைக்குப் போய்விட்டது. அதன்மேலேயே நின்றது.

"என்ன கதை மாறிச்சு?" கதவுப் பக்கத்துக் குரல். "அரை நிமிஷம் முன்னாடி பார்த்த அதே குடல்தானே இது?"

"அம்மா, எண்பதுக்குப் பக்கத்துல. மயக்க மருந்து தாங்கணும், தையல் ஆறணும்."

"தாங்குமா தாங்காதான்னு யாராவது பார்த்தாங்களா?"

"போன வருஷம் எண்பத்தொரு வயசுக்காரர் ஒருத்தருக்குப் பண்ணினேன். ஆறாவது நாள் போயிட்டார். அவங்க வீட்டம்மா இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்கறாங்க." சர்ஜன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ஃபைலைப் புரட்டினார். "இதோ பாருங்க, குடும்பமே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கு. நாம ஏன் மல்லுக்கட்டணும்? போடுங்கம்மா."

அக்கா விசையிலிருந்து கையை எடுத்தாள்.

"குடும்பம் எழுதல சார். ஒருத்தர்தான் எழுதியிருக்கார்."

பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. எல்லாத் தலையும் திரும்பியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவர் பொண்ணு."

சர்ஜன் திரையைப் பார்த்தார். காலிக் கட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிவிட்டார் என்று முகமே சொன்னது.

"வயசை அழிச்சது நீங்களா?"

"ஆமா சார்."

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

முதியோர் டாக்டர் குறுக்கே வந்தார். "அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்குங்க. நோயாளிகிட்ட யாராவது கேட்டீங்களா, உங்களுக்கு என்ன வேணும்னு?"

சர்ஜன் மறுபடி ஃபைலைப் புரட்டினார். அப்பாவைக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அப்ப இன்னிக்கு ரெண்டு மணிக்கு என்கிட்ட வரச் சொல்லுங்க. நான் பரிசோதிச்சுப் பார்க்கறேன். உடம்பு தாங்கும்னு நான் எழுதிக் குடுத்தா?"

சர்ஜன் டைரியைப் பார்த்தார். "வியாழக்கிழமை ஒரு இடம் காலியாயிருக்கு. நோயாளி கையெழுத்தோட நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வந்தா பண்றேன். பத்து அடிச்சா அடுத்த ஆளுக்குப் போயிடும், அப்புறம் அஞ்சு வாரம் ஆகும். அந்தக் கட்டி அஞ்சு வாரம் சும்மா இருக்காது." பிறகு அக்காவிடம், "நீங்க வெளிய இருங்க. பட்டியலை வேற யாராவது பார்க்கட்டும். உங்களைப் பத்தி நான் மேல எழுதத்தான் வேணும்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் முதியோர் டாக்டர் வராந்தாவில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"நன்றியெல்லாம் வேண்டாம். ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துல போனவங்க யாருக்கும் பொண்ணு இல்லையா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அப்பா இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். சட்டைக் கையில் கிரீஸ்.

"ஒன்பதாவது மாடியில ஒரு கதவு மூட மாட்டேங்குது. பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். புண்ணுக்கு மருந்து குடுக்க எத்தனை நேரம் ஆகும்?"

"கொஞ்ச நேரம்தான்ப்பா."

டாக்டர் அறையில் மருந்து எதுவும் இல்லை. கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்று இருந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார்கள். பதினொரு நொடியில் முடித்தார். தரையில் ஒட்டிய டேப்புக்குள் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். புத்தித் தெளிவைப் பார்க்க, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள்.

"நொடி முள்ளும் வேணுமாம்மா?"

டாக்டர் சிரித்தார். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளந்தார், இதயத்தை அரை மணி நேரம் படம் பிடித்துப் பார்க்க அனுப்பினார், திரும்பி வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களுக்கு என்ன நோய்னு சொல்லியிருக்காங்க?"

அப்பா மூலையில் நின்ற மகளைப் பார்த்தார். "புண்ணுன்னாங்க. புண்ணுக்கு யாரும்மா கடிகாரம் வரையச் சொல்வாங்க? கம்பியில ஒரு இழை அறுந்தா லிஃப்ட் நிக்காது, ஓடிட்டேதான் இருக்கும். சத்தம் மட்டும் மாறும். என் பிள்ளைங்க பேச்சுல சத்தம் மாறி மூணு வாரமாச்சு."

அக்கா மூலையை விட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய் என்றார். எங்கேயும் பரவவில்லை என்றார். எடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு, இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்று தான் நம்புவதாகச் சொன்னார். தாங்காமலும் போகலாம், மயக்கம் தெளிந்த பிறகு சில நாள் புத்தி தடுமாறலாம், எழுந்து பழையபடி வேலைக்குப் போக இரண்டு மூன்று மாசம் ஆகலாம் என்பதையும் சொன்னார். எடுக்காவிட்டால் ஒரு வருஷம், கூடக் குறையவும் இருக்கலாம் என்றார். எடுப்பதானால் சம்மதப் படிவத்தில் நாளைக்குக் காலை பத்து மணிக்குள் அவர் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போதுதான், அப்பா வந்திருப்பது தெரிந்து, கதவைத் தட்டாமல் தம்பி உள்ளே வந்தான். ஓடி வந்த மூச்சு.

"அப்பா, நீங்க எதுவும் ஒத்துக்காதீங்க."

"நீ உட்காரு," என்றார் அப்பா.

"இவ சொல்றான்னு தலையாட்டாதீங்கப்பா. அம்மா பட்டது தெரியும்ல உங்களுக்கு?"

"அவர் உடம்புக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியும். நீ யாரு லெட்டர் எழுத?" என்றாள் அக்கா.

"நீ யாரு வயசை அழிக்க? ஆஸ்பத்திரி பூரா பேசறாங்க, கீழ வாசல்ல என் காதுலயே விழுது."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

அப்பா குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மூடினார்கள்.

"இவன் காலடியில எப்பவும் ஒரு பிரேக். அடுத்தவன் ஓட்டுற வண்டியையும் இவன்தான் நிறுத்தணும். இவ எல்லாரையும் வரிசையில நிக்கவெக்கிறவ. அப்பனை மட்டும் வரிசையை உடைச்சு முன்னாடி விட்டிருக்கா. சரி. ரெண்டும் பாசம்தான், எனக்குப் புரியாம இல்ல." அவர் தன் சட்டைக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துப் பார்த்தார். "உங்கம்மா ஒரு நாள் என்கிட்ட, 'போதும், என்னை விட்டுடுங்க'ன்னா. நான் 'சும்மா இரு'ன்னு அதட்டிட்டு டாக்டர் நீட்டினதுல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவளை நான் கேக்கல. என்னை நீங்க கேக்கல. இந்த வீட்டுல யாருக்குமே அந்தப் பழக்கம் இல்ல போல."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"படிவத்தைக் குடுங்கம்மா," என்றார் அப்பா.

அக்கா பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்குன்னீங்கல்ல?"

"இருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப நாளைக்கு வந்து சொல்றேன். மூணு வாரமா எனக்காக இதுங்க ரெண்டும் பயந்தாச்சு. எனக்காக நானும் கொஞ்ச நேரம் பயந்து பார்க்கணும்ல?" எழுந்தார். "என்னை யாரும் கூட்டிட்டுப் போகவும் வேண்டாம், கூட்டிட்டு வரவும் வேண்டாம்."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அக்காவும் தம்பியும் வராந்தா ஜன்னலுக்கு வந்தார்கள். கீழே, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மணி நான்கு.

அவரைக் கேட்க வேண்டும் என்று நடந்த சண்டையில் அக்காவின் வேலை போகலாம். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கேட்டாயிற்று. கேட்டால் அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொன்னால் அவளால் தாங்க முடியுமா?

"கையெழுத்துப் போட்டுடுவார்லக்கா?" என்றான் தம்பி.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். காலையில் லெட்டர் எழுதிக் கொடுத்ததற்கு நியாயம் சொன்னவன் கேட்கிற கேள்வியா இது? அவன் கண் சிவந்திருந்தது.

"தெரியலடா."

வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. நின்றது. கிளம்பியது. அப்பா அங்கேயே நின்றார்.

அடுத்து ஒரு பஸ் வந்தது. அப்பா ஏறினார். அது அவர்கள் வீட்டுப் பக்கமும் போகாது, மூடாத கதவு காத்திருக்கும் கட்டடத்துப் பக்கமும் போகாது.

"அது எங்கக்கா போகுது?"

அக்கா அவசரமாக அப்பாவின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. காதிலும் கேட்டது, பின்னாலும் கேட்டது. டாக்டர் அறைக் கதவு திறந்து, முதியோர் டாக்டர் அப்பாவின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மறந்துட்டுப் போயிட்டாரா?" என்றான் தம்பி.

"இல்லப்பா. பையிலேர்ந்து எடுத்து, என் மேஜைமேல வெச்சுட்டுத்தான் எழுந்தார். நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."